ஒரே கோப்பில் இருவர்

சாந்தோமில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சர்வர். அது என் அறையில் இருக்கிறது. மற்ற அறைகளில் திரையும் விசைப்பலகையும் மட்டும்தான். அவரவர் பெயரில் நுழைந்து கேள்வித்தாள் அடிப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள். சர்வரைப் பட்டென்று அணைத்தால் அத்தனை பேர் வேலையும் வீணாகும்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. தெருவில் கேபிள் வேலை, இரண்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஒன்றரைக்குக் கட்டளை கொடுத்தேன்: இன்னும் பதினைந்து நிமிடத்தில் சர்வர் நிற்க வேண்டும். கூடவே எல்லோர் திரையிலும் தெரியும்படி ஒரு செய்தி. வழக்கமான ஆங்கில எச்சரிக்கையைப் பார்த்தால் பாதிப் பேர் பதறி ஓடி வருவார்கள். அதனால் அன்று, "எழுதினதை சேவ் பண்ணிட்டு வெளியே வந்துடுங்க, அவசரம் இல்ல" என்று ஆங்கில எழுத்தில் தமிழையே அடித்தேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

பத்து நிமிடம் கழித்து உள்ளே இருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தேன். பி.டி. சாரும் நூலக மிஸ்ஸும் மட்டும் பாக்கி. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்பதையும் அந்தப் பட்டியல் காட்டும். இருவர் பெயருக்கு நேரேயும் ஒரே கோப்பு. அதன் பெயர் 'கல்யாணம்'.

நாலு வருடமாக மூவரும் ஒரே மேஜையில் மதியம் சாப்பிடுகிறோம். எனக்கு ஒன்றுமே தெரியாது.

உடனே கட்டளையை ரத்து செய்தேன். ஒரே கோப்பில் இருவர் எழுதினால் கடைசியாக சேவ் பண்ணுகிறவர் எழுதியதுதான் மிஞ்சும். "ஒருத்தர் மட்டும் சேவ் பண்ணுங்க. யாருன்னு சொல்லுங்க" என்று அவர்கள் இருவருக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்.

இன்டர்காம் அடித்தது. பி.டி. சார். மைதானமே அதிரக் கத்துகிறவர், ரகசியம் பேசுவதுபோல், "அவங்களே பண்ணட்டும் மிஸ்" என்றார்.

வைத்ததும் நூலகத்திலிருந்து அழைப்பு. "சாரே பண்ணட்டும்."

மணி ஒன்று ஐம்பது. பக்கத்திலிருந்த நூலகத்துக்கே ஓடினேன். மிஸ் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"நீங்க என்ன மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"பத்திரிகைல ரிசப்ஷன் நேரம் மட்டும்தான். ஏழுன்னு போட்டிருந்தார், ஆறரைன்னு மாத்தினேன்."

அங்கிருந்தே சாரை அழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். "அவங்க பேர முதல்ல போட்டேன் மிஸ். என் பேர் கீழ இருக்கட்டும்" என்றார்.

நான் சொன்னதும் மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. கண் கலங்கியிருந்தது.

சார் முதலில் சேவ் பண்ணி வெளியே வந்தார். மிஸ் தன்னுடையதை சேவ் பண்ணாமல் மூடிவிட்டுக் கோப்பைப் புதிதாகத் திறந்து, நேரத்தை மட்டும் மாற்றி சேவ் பண்ணினார். என் அறைக்கு வந்து பார்த்தபோது பட்டியலில் என் பெயர் மட்டும். உடனே நிறுத்தும்படி கட்டளை கொடுத்தேன். சர்வரின் இரைச்சல் அடங்கிய இரண்டாவது நிமிடம் தலைக்கு மேல் மின்விசிறியும் நின்றது.

பெருக்க வந்த ஆயா அக்கா என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், தனியா சிரிச்சிக்கினு கீறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று மணிக்கு ஆசிரியர் அறையில் நாங்கள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தபோது, பி.டி. சார் எல்லோருக்கும் பன்னீர் சோடாவோடு வந்தார். பின்னாலேயே மிஸ். அவர்களே சொல்லிவிட்டார்கள். அந்த அறையில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதே இல்லை. தமிழ் ஐயா அழைப்பிதழைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்றார். நாலரைக்குக் கரண்ட் வந்ததும் அதற்காகவே சர்வரைப் போட்டேன். மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுத் திருத்த உட்கார்ந்தார்.