வெர்னாவின் கட்டைவிரல்

மனிடோபாவில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கின் கேன்டீனில் நானும் வெர்னாவும் பல வருஷங்களாகச் சேர்ந்து வேலை பார்க்கிறோம். அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். வாயை மூடினாலும் கீழ்ப்பற்களைத் தொடாது; நடுவில் ஒரு விரல் நுழையும். சாண்ட்விச்சை முன்பல்லால் கடிக்க வராது, கடைவாய்க்குக் கொண்டுபோய்ப் பிய்த்துத் தின்பாள். யாராவது கேட்டால், அப்பா வழித் தாடை அப்படி என்பாள்.

அது பொய். நாற்பது வயதிலும் தூக்கத்தில் அவள் விரல் சூப்பினாள். கணவன் ஓரெஸ்டுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்ன வயதில் விருந்தாளிகள் வந்தால் அவள் அப்பா ஈரக் கையை இழுத்துத் தூக்கிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாராம். பழக்கம் அதனால் போகவில்லை. யார் கண்ணிலும் படாமல் சூப்பக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

மகள் டெஸ்ஸாவுக்கும் அதே பழக்கம். ஏழு வயது, பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இனியும் சூப்பினால் முன்பற்கள் வெளியே சாயும், மேலண்ணம் குறுகிப்போகும், இப்போதே விட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்று பல் டாக்டர் பெல்கார்ட் அம்மா சொன்னார். திட்டுவதால் இந்தப் பழக்கம் போகாது என்றும் சொன்னார். வெர்னா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

கசப்பு மருந்து வாங்கிக் குழந்தையின் விரலில் தடவினாள். டெஸ்ஸா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை நக்கித் தீர்த்துவிட்டு மறுபடியும் சூப்பினாள். அந்தச் சனிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவலுக்கு வரிசை வாசல்வரை நின்றது. கேன்டீன் ஓரத்து பெஞ்சில் டெஸ்ஸா விரலை வாயில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏய் டெஸ்ஸா, அந்தக் கையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டு. ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் தொட்டில் பாப்பாவாம்," என்று கவுன்டருக்குள்ளிருந்து கத்தினாள் வெர்னா.

வரிசை சிரித்தது. குழந்தை கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டது. ஆட்டம் முடியும்வரை வெளியே எடுக்கவில்லை. வெர்னா எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். காதெல்லாம் சிவந்திருந்தது. எங்கப்பா பேசின மாதிரியே இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் டெஸ்ஸாவின் ஹாக்கி அணி வெளியூர் போட்டிக்குப் பேருந்தில் போனது. அம்மா அப்பாக்களோடு நானும் போனேன். திரும்பி வரும்போது வெளியே வெறும் பனி வயல். உள்ளே ஹீட்டர் சூடு. வெர்னா அசந்து தூங்கிவிட்டாள். பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் வாய்க்குள் இருந்தது, கன்னம் குழிந்து குழிந்து எழுந்தது. எதிர் வரிசையில் கோல்கீப்பர் பெண்ணின் அம்மா ஷெரில் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்துவிட்டு போனை எடுத்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் டெஸ்ஸா தன் பெரிய கோட்டைக் கழற்றி அம்மாவின் முகத்தோடு போர்த்திவிட்டாள்.

"அம்மாவுக்கு வெளிச்சத்துல கண்ணு கூசுது," என்றாள் ஷெரிலைப் பார்த்து.

ஷெரில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் வெர்னா விழித்துவிட்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. ஊர் வந்து வண்டி நிற்கும்வரை கோட்டுக்கு அடியிலேயே கிடந்தாள். பேருந்து அப்படியே ஏரிக்குள் போய்விடக் கூடாதா என்றிருந்ததாம். ஷெரில் பார்த்ததைவிட, தான் பெஞ்சில் வைத்து அவமானப்படுத்திய பிள்ளை தன்னை மூடி மறைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாகன நிறுத்தத்தில், காருக்குள் வைத்து, அவள் டெஸ்ஸாவிடம் சொன்னாள்:

"நானும் சூப்புறேன்டி."

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளா. உன் பக்கத்துல படுப்பேன்ல."

"அன்னைக்கு உன்னைத் திட்டினப்போ ஏன் சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்கல்ல."

வெர்னா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். டெஸ்ஸா பசிக்குது என்றாள்.

இரண்டு பேருமாக டாக்டரிடம் போனார்கள். வெர்னா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாளாம். டாக்டர் சிரிக்கவில்லை. பெரியவர்கள் பலருக்கு இது இருக்கிறது, சொல்லத்தான் மாட்டார்கள் என்றார். டெஸ்ஸாவின் மேற்பற்களுக்குப் பின்னால் சின்னக் கம்பி ஒன்றைப் பொருத்தினார். அது இருந்தால் விரல் வைப்பதில் சுகம் இருக்காது. வெர்னாவுக்கு, படுக்கும்போது கை மடங்காதபடி முழங்கையில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டை.

கோடை வருவதற்குள் டெஸ்ஸா விட்டுவிட்டாள். இடைவெளி மெல்ல மூடி வருகிறது; இப்போது ஆப்பிளை முன்பல்லால் கடிக்கிறாள். வெர்னா தூக்கத்தில் கழற்றிவிடுகிறாள்; சில காலைகளில் பட்டை கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அவள் முழுதாக விட்ட பிறகுதான் பல்லை உள்ளே தள்ளும் கம்பி போட முடியும், இல்லாவிட்டால் பழையபடி சாய்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஊர் முன்னால திட்டினேன். மன்னிப்பு மட்டும் கார்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டேன் பாரு."

நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே அடுத்த ஆட்டத்துக்கு ஐஸைச் சமன்செய்யும் வண்டி ஓடத் தொடங்கியிருந்தது.