யூஜின் உயர்த்திய வெள்ளைக் கொடி

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் யூஜின் மல்வி தன் பைகள் எல்லாவற்றையும் காலி செய்வார். லாரிச் சாவி, சில்லறை, பாதி தின்ற மிட்டாய்ச் சுருள், ஜெபமாலை என்று ஒவ்வொன்றாக எடுத்து மச்சான் ஆலிவரின் காரில் முன்பெட்டிக்குள் வைப்பார். பிறகு கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்து, நாய்க்காது மாதிரி தொங்கவிட்டு, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே தள்ளுவார்.

“மேட்ச்சுக்கு வர்றியா, ஜெயிலுக்குப் போறியா மாப்ளே?” என்பார் ஆலிவர்.

“கம்பத்தடியில நிக்கும்போது வேற எதுவும் நம்ம மேல இருக்கக் கூடாது மச்சான். அவ்வளவுதான்.”

வாரம் முழுக்க லீட்ரிம் மாவட்டத்தின் குறுகலான சாலைகளில் பால் லாரி ஓட்டுகிறவர் யூஜின். இளவயதில் தன் மாதாகோயில் பங்கின் அணிக்குப் பந்தாடியிருக்கிறார். அவர் ஆட்டத்தை யாரும் புகழ்ந்ததில்லை, திட்டியதும் இல்லை. மனைவி அட்ராக்டாவின் அண்ணன் ஆலிவர் நடுவரானதும், கோல் கம்பத்துக்கு ஒருவராக நாலு பேர் தேவைப்பட்டார்கள். அவர்களை நடுவர்தான் தேடிக் கூட்டி வர வேண்டும் என்பது வழக்கம். கூலி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் நடுவர் செலவில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் உண்டு. யூஜின் சாப்பாட்டுக்காகப் போகவில்லை. அந்தக் கோட்டுக்குள் நிற்கும்போது மட்டும்தான் ஊர் தன்னைப் பார்க்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வேலை சுலபம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. வெள்ளைக் கொடியைத் தூக்க வேண்டும். வெளியே போனால் இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும். பந்து கம்பத்தின் உச்சியையும் தாண்டிப் பறந்தால்தான் தொல்லை. கம்பம் முடிந்த இடத்திலிருந்து வானத்தில் இன்னொரு கம்பத்தை மனசாலேயே நீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு ட்ரம்கீலுக்கும் கில்நாகருக்கும் அரையிறுதி. பக்கத்துப் பக்கத்துப் பங்குகள். ஒருவர் மாடு இன்னொருவர் வயலில் மேய்ந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், பந்து விஷயத்தில் மட்டும் தீராது. ஆலிவருக்கு இதைவிடப் பெரிய கவலை. மாவட்ட இறுதியாட்டத்துக்கு ஒரு தடவையாவது நடுவராக வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார். மைதானத்து மேடையில் மாவட்டக் குழுவினர் குடைக்குள் உட்கார்ந்து அவரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம். ட்ரம்கீலின் கேஹல் ஹீரன் ஓரத்திலிருந்து உதைத்தான். யூஜின் பந்தை மட்டுமே பார்த்தார். அது ஏறியது, இன்னும் ஏறியது, அவருடைய கம்பத்தின் உச்சிக்கு நேராக வந்தது. அப்போது ஒரு மழைத்துளி கண்ணில் விழுந்தது. இமைத்துத் திறந்தபோது பந்து பின்னாலிருந்த முள்வேலியில் கிடந்தது. கையில் கொடி உயர்ந்திருந்தது. எப்போது தூக்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த கம்பத்தடியில் நின்ற டெக்லானைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். “உன் பக்கம்யா. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?”

ஆலிவர் விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். ட்ரம்கீல் ஒரு புள்ளியில் வென்றது.

அடி விழும் என்று எதிர்பார்த்தார் யூஜின். தோற்ற கில்நாகரின் பயிற்சியாளர் நோயல் நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “சரியாத்தான் குடுத்தீங்க. நல்ல புள்ளி அது.” யூஜினுக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த நிம்மதி கார்வரைக்கும்தான் நீடித்தது. அங்கே, முகமெல்லாம் சேறாக கேஹல் கடந்து போனான்.

“அண்ணே, கோடிப் புண்ணியம் உங்களுக்கு! அது வெளிய போச்சுன்னு உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும், என்ன?” கண்ணடித்துவிட்டுப் போய்விட்டான்.

தோற்றவர் உள்ளே என்கிறார். ஜெயித்தவன் வெளியே என்கிறான். நோயல் குத்திக்காட்டினாரா, பெருந்தன்மையாகச் சொன்னாரா? கேஹல் உண்மையைச் சொன்னானா, கேலி செய்தானா? இந்த ஊரில் செத்தவனைப் பற்றிக்கூட யாரும் நேராகப் பேசுவதில்லை. அன்று பன்றிக்கறி அவர் தட்டிலேயே ஆறிப்போனது.

பால் எடுக்கப் போன பண்ணைகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

“யூஜின், ட்ரம்கீல்காரன் உனக்குச் சிலை வைக்கப் போறானாமே?”

“வைக்கட்டும். கண்ணுல துணி கட்டித்தான் வைப்பான்” என்றார் இன்னொருவர்.

“சும்மா இருய்யா. நான் வேலியோரத்துலதான் நின்னேன். உள்ளதான் போச்சு.”

“நீ நின்னது சரி. பாத்தது பீர் டம்ளரைத்தானே?”

யாரோ செல்போனில் படம் பிடித்திருந்தார்கள். யூஜின் திரும்பத் திரும்பப் பார்த்தார். பந்து கம்பத்தை நெருங்கும் நொடியில் ஒரு சிவப்புக் குடை வந்து எல்லாவற்றையும் மறைத்தது.

வியாழக்கிழமை ஆலிவருக்குத் தொலைபேசி வந்தது: இறுதியாட்டத்துக்கு அவர்தான் நடுவர். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அட்ராக்டா நாலு கோட்டுகளையும் துவைத்து இஸ்திரி போட்டாள். யூஜின் அடுப்படியில் வந்து நின்றார்.

“அட்ராக்டா, அது உள்ள போச்சான்னு எனக்குத் தெரியலடி.”

“தெரியாமயா கொடியத் தூக்குனீங்க?”

“கைதான் தூக்குச்சு. நான் தூக்குனேனான்னு தெரியல.”

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அண்ணன்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா அவரு நிம்மதியா விசில் ஊதுவாரா? இந்த ஒரு மேட்ச்சுக்காகத்தானே அவரு இத்தனை வருஷம் காத்திருந்தாரு.”

“அப்ப பேசாம போய் நில்லுங்க. பந்த நல்லாப் பாருங்க.”

“திரும்பவும் அதே மாதிரி ஒண்ணு வந்தா?”

அவள் அடுத்த கோட்டை எடுத்து விரித்தாள். மறுநாள் யூஜின் ஆலிவரிடம் முதுகு பிடித்துக்கொண்டது என்றார்.

“எப்பலேர்ந்து?”

“நேத்துலேர்ந்து மச்சான்.”

“நேத்து பால் கேனைத் தூக்கிட்டுப் போனத நானே பாத்தேனே.” ஆலிவர் அவர் முகத்தைப் பார்த்தார். “என் வாழ்க்கையில ஒரே ஒரு ஃபைனல் மாப்ளே. நீ அந்தக் கம்பத்துல நிப்பேன்னு நெனச்சேன்.”

யூஜின் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால் பரவாயில்லை. ஆலிவரின் குரலில் கோபமே இல்லை. அதையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இறுதியாட்டத்துக்கு ஆலிவர் தன் இன்னொரு தங்கையின் மகனைக் கூட்டிப்போனார். யூஜின் லாரியை ஒரு வயலோரம் நிறுத்தி ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டார். நடுவர் நன்றாக நடத்தினார் என்று சொன்னார்கள். கம்பத்தடி ஆட்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஆட்டம் என்றால் அப்படித்தான். அதற்குப் பிறகு ஆலிவர் அவரைக் கம்பத்தடிக்குக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சாவு வீட்டு முற்றத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது கேஹல் யூஜினிடம் சொன்னான்: அன்று உதைத்த மறுகணமே கில்நாகர்க்காரன் ஒருவன் அவன் முதுகில் விழுந்து முகத்தைச் சேற்றில் அழுத்தியிருக்கிறான். பந்து எங்கே போனது என்று அவன் பார்க்கவே இல்லை. கூச்சலைக் கேட்டுத்தான் புள்ளி என்றே தெரிந்துகொண்டான். ஜெயித்த ஆட்டங்களில் எல்லாக் கம்பத்தடி ஆட்களிடமும் அவன் விளையாட்டாக, ‘அது வெளிய போச்சு’ என்று அதையேதான் சொல்வானாம்.