காகிதப்பூவுக்குக் கொடிக்கால் தண்ணீர்

எங்கள் வீட்டு வாசலில் அழகுக்கென்று இருந்தது எருக்குழி ஒன்றுதான். அப்பா பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். எருக்குழி பெரிதாக இருந்தால் அது பெரிய வீடு என்பது அவர் எண்ணம்.

எனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அந்த எண்ணம் கிடையாது. முன்பு ஓர் இடத்துக்குப் பெண் பார்க்கப் போனவர், வாசலைப் பார்த்ததுமே "ஊட்டுல களையே இல்லை" என்று வண்டியைத் திருப்பச் சொன்னவராம். இது காதில் விழுந்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். மாரியம்மன் பண்டிகையின்போது அந்தப் பையனை நான் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

அம்மா செம்பருத்தி வைத்தாள், வெள்ளாடு தின்றது. கோழிக்கொண்டை வைத்தாள், கோழி கிளறிப் போட்டது. கடைசியில் ஓமலூரில் குமாஸ்தாவாக இருந்த என் தாய்மாமன், யாரோ ஒரு துரை பங்களாவில் கழித்துப் போட்ட காகிதப்பூக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். செலவே இல்லை, முள் இருப்பதால் ஆடு கிட்டே வராது, வாசல்படிக்கு மேலே வளைத்துவிட்டால் ஒரே சிவப்பாகப் பூக்கும் என்றார்.

அப்பாவிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "வேர் புடிக்கற வரைக்குந்தானுங்க மச்சான் தண்ணி. அப்புறம் அதும்பக்கமே போகாதீங்க. காயக் காயத்தான் பூக்கும்."

அப்பா நன்றாகத் தலையை ஆட்டினார். ஆனால் வெற்றிலைக்குத் தண்ணீர் ஊற்றியே பழகிய கை சும்மா இருக்குமா? விடிந்ததும் ஒரு குடம், பொழுது சாய்ந்ததும் ஒரு குடம். கேட்டால், "பச்சை உசுரைப் பட்டினி போடச் சொல்றீங்களா?" என்பார். புண்ணாக்கு, ஆட்டுப்புழுக்கை, வண்டல் என்று கொடிக்காலுக்குப் போனதெல்லாம் இதற்கும் போயிற்று.

செடி வளர்ந்தது பாருங்கள்! வாசல்படியை மூடி, ஓட்டின்மேல் ஏறி, பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். முள்ளுக்கும் குறைவில்லை. பூ மட்டும் பேருக்குக்கூட இல்லை.

"ஏனுங்க, கொஞ்சம் காயத்தான் உடுங்களேன்" என்று அம்மா அழாக்குறையாகக் கேட்டாள்.

"பூ என்னத்துக்கு? எலையைப் பாரு" என்றார் அப்பா. வெற்றிலைக்காரரிடம் வேறு என்ன பதில் வரும்? கிளையை வெட்டவும் விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று மேலே பார்த்தார், உதட்டைச் சுழித்தார். அதற்குள் அவர் வீட்டுக்காரர் குனிந்து படியேறினார். அவர் உள்ளே வந்துவிட்டார், தலைப்பாகை வரவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு மனிதரின் தலைப்பாகை கீழே விழுவதே பெரிய அவமானம். இது விழக்கூட இல்லை. முள்ளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் பார்க்கத் தொங்கியது.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் சமையல்கட்டுக் கதவிடுக்கில் நின்று அழுதேவிட்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அப்பா தலையிலேயே போடவேண்டும்போல் ஆத்திரமாக வந்தது.

வெறுந்தலையோடு நின்ற பெரியவர் தலைப்பாகையை எடுக்கக் கையைத் தூக்கினார். கை இலையில் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டது. அவரும் கொடிக்கால்காரர்தான். ஓர் இலையைக் கிள்ளி, முன்னும் பின்னும் புரட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன எரு போட்டீங்க?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். புண்ணாக்கை எத்தனை நாள் ஊறப்போடுவது என்பதிலிருந்து ஒன்று விடவில்லை. பெரியவர் தலைப்பாகையை மறந்தே போனார்.

"ஏனுங்க, பூவே இல்லாத செடி. அதையப்போயி..." என்று மாப்பிள்ளையின் அம்மா இழுத்தார்.

"பூக்காத செடிக்கே மனுசன் இந்தப் பாடு பட்டிருக்காரு. பெத்த புள்ளையச் சும்மாவா வளத்திருப்பாரு?" என்றார் பெரியவர். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "எனக்கும் ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்க, சம்மந்தி" என்றார்.

சம்மந்தி! அம்மா அடுப்படிக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவசரமாக முகத்தைக் கழுவினேன். அவர்கள் இன்னும் என்னைப் பார்க்கவே இல்லை.