படிக்காத நாவலுக்குச் சொன்ன யோசனை

காலை பத்து பத்துக்குப் பொழிச்சலூரில் நண்பரின் வீட்டுக்குள் நுழைந்தபோது, மேசையில் அவருடைய நாவல் கடைசி அத்தியாயத்தில் விரிந்து கிடந்தது. நான்கு வருடங்களுக்கு முன் கையெழுத்திட்டு எனக்கும் ஒரு பிரதி தந்திருந்தார். படிப்பதை அடுத்த விடுமுறைக்கு, அதற்கடுத்ததற்கு என்று தள்ளிப்போட்டேன். அவரிடம் மட்டும் படித்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன்.

“மறுபதிப்புல பக்கம் ஜாஸ்தியாகுதாம். இந்த அத்தியாயத்தை எடுத்துடலாமான்னு பதிப்பாளர் கேக்கறார். பதினொண்ணுக்குள்ள சொல்லணும்,” என்றார்.

“உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்கு மனசில்ல. ஆனா நீ சொன்னா எடுத்துடறேன்.”

காபி கொண்டுவந்த அவர் மனைவி சிரித்தார். “நீங்களே சொல்லுங்கண்ணா. இந்த வீட்ல நான்கூட அதைப் படிக்கல.”

விமானம் ஒன்று கூரைக்கு மேல் கடந்து போனது. இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். செய்தி நீளமானால் கடைசிப் பத்தியை வெட்டுவது நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் பழகிய வழக்கம்.

“எடுத்துடுங்க,” என்றேன். அவர் உடனே பதிப்பாளருக்குப் போன் செய்தார்.

தாம்பரத்தில் என் வீட்டுக்குத் திரும்பியதும் நாவலை எடுத்தேன். மூன்று நாளில் முடித்தேன். முதல் பக்கத்தில் காணாமல் போகும் மகள் கடைசி அத்தியாயத்தில்தான் கிடைக்கிறாள். நண்பரை அழைத்தபோது அச்சு முடிந்திருந்தது.