சல்லி ரோட்டில் மரத்துப்போன கை

பிரவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சை எழுத, பாகூரிலிருந்து வில்லியனூருக்குச் சைக்கிளில் கிளம்பினேன். வழக்கமான ஏரிக்கரை மண் பாதையை விட்டு, புதிதாகச் சல்லி பரப்பிய ரோட்டில் ஏறினேன். வண்டி பறக்கட்டும் என்று டயரில் காற்றையும் கல்லுப்போல அடைத்திருந்தேன்.

"இன்னாடா, சல்லிய அமுக்க உருளையே இன்னும் ஓட்டல, அதுல போறியே?" என்றான், பரீட்சைக்குக் கூட வந்து ஏரிக்கரைப் பக்கம் திரும்பிய சிநேகிதன் ரத்தினம்.

"நீ புழுதியத் தின்னுகினு வா. நான் முன்னாடி போயி எடம் புடிக்கிறேன்" என்றேன்.

சல்லியில் அதிர்ந்த சைக்கிளை இறுக்கிப் பிடித்தே வந்ததில், போய்ச் சேர்ந்தபோது இரண்டு கைகளும் மரத்துவிட்டிருந்தன. பேனா விரலில் நிற்கவில்லை. முதலில் வாத்தியார் பிரெஞ்சில் வாசிக்க வாசிக்க எழுத வேண்டும். தவறவிட்டால் வருஷமே வீண். பின்னால் வந்த ரத்தினமோ நிதானமாக மை தொட்டுக்கொண்டிருந்தான்.

வாசிக்க வந்த வாத்தியார், தாள் கட்டின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் விரல்களை உதறினார். "அந்தச் சல்லி ரோட்டுல சைக்கிள்ல வந்தேம்பா. கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் முடிச்சை அவிழ்ப்பதற்குள் என் கைக்கும் உயிர் வந்துவிட்டது. பரீட்சையிலும் தேறிவிட்டேன்.

இப்போது காற்றைச் சற்றுக் குறைத்து, பிடியைத் தளர்த்தி, ஏரிக்கரையிலேயே போகிறேன். போன வாரம் எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் மெதுவாகப் போனது. மணி அடித்தேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தவர் அதே வாத்தியார்தான்.