முஸ்பிறா வாசித்த தாள்

கிராம சேவகரின் பதிவேடு இப்படிச் சொல்கிறது: "முஸ்பிறா. வயது முப்பத்தாறு. விதவை. தொழில் இல்லை. கல்வி: தரம் ஒன்பது. அறிந்த மொழி: தமிழ் மட்டும். பிறரில் தங்கி வாழ்பவர்."

வயதும், விதவை என்பதும், தரம் ஒன்பதும் சரி. கல்முனைக்குடியில் அவள் இருக்கும் வீடு தாய் சீதனமாகக் கொடுத்தது. அவள் அவிக்கும் இடியப்பம் விடிந்ததும் மூன்று கடைகளுக்குப் போகிறது. தங்கி வாழ்பவர்கள் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் வாப்பாவும்தான்; தங்குவது அவளில். மொழி விசயம் சற்று நீளமானது.

புருஷன் றமீஸ் சவூதியில் பதினோரு வருடம் கட்டட வேலை செய்து, அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டான். கடவுச்சீட்டில் தாய்வீட்டு முகவரி இருந்ததால், அவனுடைய சாமான்கள் வரிப்பத்தான்சேனைக்குப் போயின: ஒரு மணிக்கூடு, ஒரு பேர்ஸ், அறபியில் கையால் எழுதிய ஒரு வைத்தியசாலைத் தாள்.

றமீஸின் மூத்த சகோதரன் ஷரிபுதீன் பள்ளிவாசலில் மரைக்கார், நிர்வாகிகளில் ஒருவர். நல்ல குரல். தொழப் போகிறவர்போல் முகம் கைகால் கழுவி வுழு எடுத்து வந்து, தாளைக் கண்ணில் ஒற்றி, குர்ஆன் ஓதும் ராகத்திலேயே தொடங்கினார். தட்டிய இடங்களை முனகலால் நிரப்பினார். றமீஸின் தாய் தேம்பி அழுதாள். பிறகு விளக்கம் சொன்னார்.

"கல்புதான் நிண்டிரிக்கி. தூக்கத்துலயே போயிட்டான். கஷ்டப்படல்ல."

இதயத்தைக் குறிக்கும் கல்பு, அவருக்குத் தெரிந்த அந்த ஒரே சொல், அதில் இருந்தது உண்மை. எவருடைய மரணத்திலும் கடைசியில் கல்பு நிற்கத்தான் செய்யும். தாள் பச்சைப் பட்டில் சுற்றப்பட்டு, அலுமாரியின் மேல் குர்ஆனோடு வைக்கப்பட்டது. அறபு எழுத்து அல்லவா. எங்கள் பக்கத்தில் ஐந்து வயதில் அந்த எழுத்தைப் படிக்காத பிள்ளை இல்லை. ஐம்பது வயதில் அதன் பொருள் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

முஸ்பிறா அப்போது, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போக முடியாது. றமீஸோடு அறையில் இருந்தவன் தொலைபேசியில் சொன்னது அவளுக்கு இடித்தது. செவ்வாய்க்கிழமை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்களாம். மவுத்து வெள்ளிக்கிழமை. தூக்கத்தில் போன மனிசனுக்கு இடையில் மூன்று நாள் எங்கிருந்து வந்தது?

தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள்.

"அறபெழுத்தப் போன்ல புடிச்சிக்கு கக்கூசுக்குள்ளயும் கொண்டு திரியவா?" என்றார் மச்சான் ஷரிபுதீன்.

வேறொரு மௌலவியைக் கேட்கலாம். அப்படிக் கேட்டால், மரைக்காரின் வாயில் நம்பிக்கையில்லை என்று இரண்டு ஊருக்கும் பறைசாற்றியதாகும். மச்சானை அவமதிப்பதைவிட ஒரு மொழியைப் படிப்பது சுலபம் என்று அவள் முடிவுசெய்தாள். சுலபமாகத்தான் இருந்தது; இரண்டு வருடம்தான் பிடித்தது.

முதலில் கைபேசியில் ஒரு பாடத்தைப் பார்த்தாள். "நான் மாணவன், இது பேனா" என்றது. அவளுக்குப் பேனா தேவைப்படவில்லை. குர்ஆனில் எழுத்தின் மேலும் கீழும் இருக்கும் உயிரொலிக் குறிகள் அன்றாடம் எழுதும் அறபில் கிடையாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. தின்று முடித்த மீனின் முள்ளைப் பார்த்து, என்ன மீன் என்று சொல்ல வேண்டிய நிலை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் மருந்துப் பெட்டிகளும் உள்ளே மடித்து வைத்த தாள்களும் சேர்த்தாள். அறபியும் ஆங்கிலமும் அருகருகே இருக்கும். ஆங்கிலத்தை மூத்த மகளின் அகராதி பார்த்துக்கொண்டது. கையெழுத்துக்கு, ரியாதில் பதினெட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த அடுத்த வீட்டுக் கமீலா ஒரு பேக்கில் போட்டு வைத்திருந்த, அந்த வீட்டுக்கார மதாம் எழுதிய கடைச் சீட்டுகள்.

"மருந்து குடிக்கிற ஆக்களக் கண்டிரிக்கன்," என்றாள் கமீலா. "பெட்டியத் திங்கிற ஆள இப்பதான் காணன்."

"இந்தச் சொல்லு என்ன ராத்தா? வாசிச்சுப் பாருங்க."

"கதைக்கச் செல்லு, கதைக்கன். வாசிக்கச் செல்லாத. மதாம் என்ன வாசிக்கவா கூப்பிட்டா?"

ஆகவே முஸ்பிறா எழுத்துக்கூட்டினாள், கமீலா பொருள் சொன்னாள். ஒரு நாளைக்கு ஆறு சொல். முந்திய நாளின் ஆறும் வாயில் வராவிட்டால் புதியது இல்லை. மாவு பிசையும்போது சொல்வாள். காய்ச்சல், மூச்சு, மயக்கம், இரத்தம், காலை, மாலை. ஒரு வருடத்தில் எல்லா நோயையும் அறபியில் சொல்லத் தெரிந்தது. ஒரு கிலோ வெங்காயம் என்ன விலை என்று கேட்கத் தெரியாது.

இரண்டாம் வருடம் அவளுடைய கைபேசியில் ஒரு பழைய காணொளியைத் திரும்பப் பார்த்தாள். றமீஸ் முதலாளியோடு அறபியில் வெளுத்துக்கட்டும் காட்சி. அதை அனுப்பி, "பாத்தியா, உன்ர மனிசன்ட அறபிய" என்று எழுதியிருந்தான். அவளும் அன்று கமீலாவுக்குக் காட்டிப் பெருமைப்பட்டாள். கமீலா ஏன் பாதியிலேயே தேத்தண்ணி போட எழும்பினாள் என்பது இப்போது விளங்கியது. அவன் சொல்லிக்கொண்டிருந்தது: ஓம் முதலாளி, தூக்குறன், கத்தாதீங்க, ஓம் முதலாளி. பதினோரு வருடத்தில் இருபது சொல்.

றமீஸின் இரண்டாம் ஆண்டு நினைவுக் கத்தத்துக்கு வரிப்பத்தான்சேனைக்குப் போனாள். சாப்பாடு முடிந்ததும், தாளை ஒருதரம் தரும்படி மாமியிடம் கேட்டாள். மாமி பட்டை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"அதான் அண்டைக்கே வாசிச்சிட்டமே," என்றார் ஷரிபுதீன்.

"ஓம் மச்சான். நான் வாசிக்கல்ல."

ராகமில்லாமல், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். செவ்வாய் மாலை கொண்டுவரப்பட்டார். கடும் வெயில் தாக்கம். சுயநினைவு உண்டு. நோயாளி பேசுகிறார், மொழி விளங்கவில்லை. எங்கே நோகிறது என்று அறிய முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் கோரப்பட்டார். புதன்: பேசுகிறார். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. வியாழன்: பேசுகிறார், குரல் தாழ்ந்துள்ளது. வெள்ளி காலை இதயம் நின்றது.

மாமி கையிலிருந்த பச்சைப் பட்டை மடித்தாள்.

"என்ன கதைச்சானாம்?" என்று மாமி கேட்டாள்.

"அது எழுதல்ல மாமி. அவங்களுக்கு விளங்கல்ல."

"போன்ல படிச்ச அறபு," என்றார் ஷரிபுதீன், சுவரைப் பார்த்து. "ஒரு மௌலவிட்டக் காட்டினாத்தான் சரி பிழை தெரியும்."

"காட்டுங்க மச்சான்."

அவர் இன்னும் காட்டவில்லை. மாமி அதற்குப் பிறகு முஸ்பிறாவின் வீட்டுப் பக்கம் வரவுமில்லை. தூக்கத்தில் போன மகனை அவள் பறித்துவிட்டாள் என்பது அந்த வீட்டின் முறைப்பாடு. அதையும் பிழையென்று சொல்ல முடியாது.

முஸ்பிறா இரண்டு வருடம் அறபு படித்து, பதினான்கு வரி உள்ள ஒரு தாளை வாசித்தாள்.