விண்ணப்பத்தில் நான் தாய்மாமன்

காலேஜ் பியூன் மெஸ் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "மலேயா பையனோட மேனமாமா யாரு?" என்று தெலுங்கில் கேட்டான். மேனமாமா என்றால் தாய்மாமன். பந்தியில் இருந்த இருபது பேரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். என் கையில் சாம்பார் வாளி. "நான்தான்" என்றேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு வைஸ் பிரின்சிபால் அறைக்கு நான் வர வேண்டும். வராவிட்டால் பையன் பெயரை அடித்துவிடுவார்கள். இதைச் சொல்லிவிட்டு பியூன் போய்விட்டான்.

நான் அந்தப் பையனுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. திருப்பதியில் அந்த மெஸ்ஸில் பரிமாறுகிறவன். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் ஒரு நெசவுக்கார ஊரில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான்கு பேர் முன்னால் பேச்சு வராது. பந்தியில்கூட முகம் பார்க்க மாட்டேன், கைகளைத்தான் பார்ப்பேன். யார் இலையில் எது தீர்ந்தது என்று கையே சொல்லிவிடும்.

பையன் கையும் அப்படித்தான் எனக்குப் பழக்கம். கோங்கூராக் கீரைத் துவையல் வைத்தால் சுண்டு விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளுவான். மோர் போதும் என்பதைச் சொல்ல மாட்டான். உள்ளங்கையை இலைமேல் பிடிப்பான். வந்த முதல் வாரம் காலையில் பால் இல்லாத காப்பி கேட்டான். மெஸ் முதலாளி, "ஏமிரா இது, செத்த வீட்டுக் காப்பியா?" என்றார். "எங்க ஊர்ல இப்படித்தான் குடிப்போம்லா" என்று அவன் சொன்னதும் பந்தியே சிரித்தது. அன்று முதல் அவன் பெயர் 'லா'.

அவன் தாத்தா சித்தூர் ஜில்லாவிலிருந்து மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அப்பா அங்கேயே பிறந்து, தோட்டத்தில் கிராணி ஆனார். கிராணி என்றால் குமாஸ்தா. மகனுக்குப் பதினேழு வயதானதும், "சித்தூர் நம்ம ஜில்லா. தமிழ் பேசினாப் போதும், பிழைச்சுக்கலாம்" என்று கப்பலேற்றினார். ஜில்லா மதராஸை விட்டு ஆந்திராவோடு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை. ரேணிகுண்டா தாண்டியதும் தெலுங்குப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துத் தப்பான ரயிலில் ஏறிவிட்டோமோ என்று பயந்ததாக அவன் என்னிடம் சொன்னான்.

மெஸ் மாடியில் இருந்த சின்ன அறையில் தங்கினான். ஹாஸ்டலில் தங்காதவர்களுக்கு உள்ளூரில் ஒரு சொந்தக்காரர் கார்டியனாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேர்கிற அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் வேண்டும். அவனுக்கு இங்கே தெரிந்த ஒரே முகம் நான். "அண்ணே, ஒரு கையெழுத்துத்தானே" என்றான். தமிழில் பேசிக்கொண்டு ஒருவன் அழுகிற மாதிரி நிற்கும்போது என்ன செய்வது? போனேன். ஆபீசில் வயதான குமாஸ்தா ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கேட்டு எழுதினார். உறவு என்ன என்றார். "மேனமாமா" என்று வாயில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

பியூன் வந்துபோன மத்தியானம் பரிமாறி முடித்தபின், மாடியில் அவன் எனக்குப் பாடம் சொல்லித் தந்தான். அவன் அம்மா பெயர், பிறந்த மாதம், தோட்டத்தின் பெயர், எத்தனை தங்கைகள். நான் திருப்பிச் சொன்னேன். "அம்மா உங்களுக்கு அக்காவா தங்கச்சியா?" என்றான். "அக்காதான். தங்கச்சின்னா எனக்கு வயசு பத்தாது" என்றேன். பேர் அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கப்பல்தான். அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது அண்ணே? தோட்டத்துலேருந்து காலேஜுக்குப் போன மொத ஆளு நான்."

கீழே முதலாளி தன் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். "ஒரேய், நாளைக்காவது வாயத் தொற. இல்லேன்னா ஊமை மாமான்னு நெனைச்சுக்குவாங்க."

மறுநாள் பத்து மணிக்குப் போய் நின்றோம். வைஸ் பிரின்சிபால் சித்தூர்க்காரர். தெலுங்கு பேசுகிறவர், தமிழும் நன்றாக வரும். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. குமாஸ்தா ஃபைலோடு பக்கத்தில் நின்றார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"திருத்தணிப் பக்கமா, நகரிப் பக்கமா?"

"நடுவுலங்க."

"அப்போ உன் ஊரு எந்த ராஜ்யம்னே இன்னும் முடிவாகலை. நீ இவனுக்குப் பொறுப்பு!" என்றார். மதராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லைச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். குமாஸ்தா வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அம்மா பெயரைக் கேட்டார், சொன்னேன். அப்பா வேலை, சொன்னேன். வியர்வையில் முதலாளியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஃபைலைத் திறந்து அந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் இண்டிபேரும் இவன் இண்டிபேரும் ஒண்ணா இருக்கே?"

தெலுங்குக்காரர்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. அதுதான் இண்டிபேரு. அப்பன் வழியில் வரும். ஒரே இண்டிபேரு என்றால் பங்காளி. பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அன்றைக்கு ஆபீசில் குமாஸ்தா, "இண்டிபேரு இல்லாத மனுசன் உண்டா?" என்று அதட்டியதும், பையனுக்கு என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். எனக்குக் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். இத்தனை வருஷம் தெலுங்குக்காரர்களுக்கு நடுவில் இருந்தும் அது தப்பென்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"உங்க அக்காவைப் பங்காளிக்கே கட்டிக் குடுத்தீங்களா?" என்றார். பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பினார். "இதைக்கூடப் பார்க்காம எழுதினீரா?"

குமாஸ்தாவின் சிரிப்பு போய்விட்டது. பையன் சட்டென்று இங்கிலீஷில் ஏதோ சொன்னான். 'கிளார்க்', 'மிஸ்டேக்' என்ற இரண்டு சொல் எனக்குப் புரிந்தது. குமாஸ்தா என்னைப் பார்த்தார். அவருடைய கை ஃபைல் நாடாவைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. நான் தலையாட்டினால் போதும், தப்பு அவர் தலையில் போய்விடும்.

"அவர் எழுதினது சரிங்க. நான் சொன்னதுதான் பொய்யி. நான் மாமா இல்லை. மெஸ்ஸுல சோறு போட்டுக்கினு இருக்கறவன்."

வைஸ் பிரின்சிபால் சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்து, 'மேனமாமா' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"அப்போ இவனுக்கு இங்க யாரும் இல்லை. ரெண்டு மாசமா கிளாஸுக்கு வரலை. எங்க போறான்னு தெரிஞ்சவன்கூட ஒருத்தன் இல்லை. நான் எப்படி வெச்சுக்கறது?"

எனக்குத் தெரியும். பையன் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான், சொல்லாதே என்று. அவன் என்னை நம்பிச் சொன்ன விஷயம் அது.

சொல்லிவிட்டேன். காலையில் நோட்டோடு கிளம்புவான், காலேஜ் கேட் வரைக்கும் போவான், அங்கிருந்து ரயில் ஸ்டேஷன். பாகாலா வண்டி போகிற வரை பிளாட்பாரத்தில் உட்காருவான். பன்னிரண்டுக்கு வந்து பாடம் முடிந்தது என்பான். பாடம் இங்கிலீஷில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்விடுகிறது, எல்லோரும் சிரிக்கிற இடத்தில் இவன் மட்டும் முழிக்கிறான், ஒருநாள் அவனை எழுப்பிக் கேள்வி கேட்டதும் வகுப்பே சிரித்தது, அதிலிருந்து போகவில்லை. ராத்திரிச் சோறு பாதிக்கு மேல் துன்னுவதில்லை. மலேயாவுக்குக் கடுதாசி எழுதினால் மட்டும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எழுதுகிறான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பாதி தெலுங்கில், பாதி தமிழில் வந்தது.

பையன் காது வரை சிவந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வைஸ் பிரின்சிபால், கோடு போட்ட இடத்துக்கு மேல் இங்கிலீஷில் எதையோ எழுதினார். என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இவன் பேரு இருக்கட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வந்து இவன் ஹாஜர்த் தாள்ல கையெழுத்துப் போடணும். ஒரு வாரம் வரலைன்னாலும் கப்பல்."

வெளியே வந்ததும் பையன் சொன்னான்: "மாமாவா நடிக்கத்தானே கூப்பிட்டேன். என் மானத்த வாங்கச் சொன்னேனா?" பதில் சொல்வதற்குள் நடந்துவிட்டான். அன்றைக்கே அறையைக் காலி செய்து கோயில் தெருப் பக்கம் போய்விட்டான். மெஸ்ஸுக்கும் வரவில்லை.

முதல் சனிக்கிழமை ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் போய் நின்றேன். அவன் பிடிவாதத்தில் கிளாஸுக்குப் போகாமலே இருந்திருந்தால்? குமாஸ்தா தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ஆறு நாளும் வந்திருந்தான். "பின் பெஞ்சிலிருந்து மொத பெஞ்சுக்கு மாத்தியிருக்காங்க" என்று குமாஸ்தா மெதுவாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருஷம் முடிகிற வரை அவனை நான் பார்த்தது அந்தத் தாளில்தான். ஒரு வாரம் மட்டும் இரண்டு நாள் காலியாக இருந்தது. காய்ச்சல் என்றார்கள். கஞ்சி வைத்துக்கொண்டு கோயில் தெரு முனைவரை போய், கதவைத் தட்டக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தேன்.

பரீட்சை முடிவு வந்தபோது தேறியிருந்தான். வைஸ் பிரின்சிபால், "இனிமே நீ வர வேண்டாம்" என்றார். சரிங்க என்றேன். அடுத்த வருஷமும் வரட்டுமா என்று கேட்க நினைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வேறு ஃபைலைத் திறந்துவிட்டார். மத்தியானப் பந்திக்கு நேரமாகியிருந்தது.